விருப்பாச்சியில் கூடியவர்கள்

(திண்டுக்கல்லில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1800ஆம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசி. பழனி மலை அடிவாரத்தில், விருப்பாச்சிப் பாளையத்தில், ரகசியமாக ஒரு கூட்டம் நடந்தது. கும்பினி என்று அன்று அழைத்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியை எதிர்த்தவர்களின் ஆட்கள் பல சீமைகளிலிருந்தும் வந்து சேர்ந்திருந்தார்கள். அங்கே முடிவான காரியம் இதுதான்: ஜூன் 3ஆம் தேதி கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்க வேண்டும். கோட்டை விழுந்தது என்ற செய்தி கிடைத்தவுடன் மற்ற சீமைகளிலும் எழுச்சி தொடங்க வேண்டும். அந்தக் கூட்டத்தைக் கூட்டியவர் விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர்.

அவரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

தளபதி என்றதும் குதிரையையும் வாளையும் மீசையையும் தேடுவது நம் வழக்கம். சினிமா அப்படிப் பழக்கியிருக்கிறது. கோபால நாயக்கரிடம் அவையெல்லாம் இருந்திருக்கும். ஆனால் அவருக்கு நான் தளபதிப் பட்டம் தருவது வேறு காரணத்துக்காக. ஒவ்வொரு பாளையமும் தனித்தனியாக எதிர்த்து, தனித்தனியாக அழிந்துகொண்டிருந்த காலத்தில், எல்லாரையும் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவர முடியும் என்று நம்பியவர் அவர். நம்பியதோடு நிற்காமல் செய்தும் காட்டினார். படை நடத்துவதிலேயே ஆகக் கடினமான வேலை அதுதான் என்பது என் எண்ணம்.

அவர் நின்ற இடத்தை முதலில் பார்ப்போம். திண்டுக்கல் சமவெளிக்கு மேற்கேயும் தென்மேற்கேயும் பழனி மலை, கிழக்கே சிறுமலை. மதுரையிலிருந்து கொங்கு நாட்டுக்கோ மைசூருக்கோ படை போக வேண்டுமானால் இந்த இரண்டு மலைக்கும் நடுவில் உள்ள வழியாகத்தான் போகும். அந்த வழியைக் காக்கவே திண்டுக்கல் பாறைமேல் கோட்டை எழுந்தது. 1605இல் மதுரை முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கி, திருமலை நாயக்கர் காலத்தில் வலுப்பட்ட கோட்டை. பாறைக்கு மேலே ஏறி மேற்கே பாருங்கள். கன்னிவாடி, ஒட்டன்சத்திரம், அதைத் தாண்டிப் பழனி வரைக்கும் வெயிலில் விரிந்து கிடக்கும். பீரங்கிக்காக மதிலில் விட்ட திறப்புகள் இன்றும் இருக்கின்றன. ஒரு திறப்பின் பின்னால் குந்தி உட்கார்ந்து பாருங்கள். கீழே உள்ள சாலை எப்படிக் குறிக்குள் வந்து விழுகிறது என்பது தெரியும். இந்தக் கோட்டை யார் கையில் இருக்கிறதோ, சமவெளி அவர்கள் கையில்.

விருப்பாச்சியோ அந்தப் பீரங்கிகளுக்கு எட்டாத தூரத்தில், ஒட்டன்சத்திரத்துக்கும் பழனிக்கும் இடையில், மலையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இருக்கிறது. நங்காஞ்சி ஆறு மலையிலிருந்து இறங்கி வருகிற இடம். தலையூத்து அருவிக்குப் போனவர்களுக்குத் தெரியும், நாலு எட்டு நடந்தால் காடு தொடங்கிவிடும். அந்த மலையில் விளையும் வாழைக்குத்தான் விருப்பாச்சி மலை வாழை என்று பெயர். இன்று புவிசார் குறியீடு பெற்ற பழம். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் மலை வாழைதான் உயிர். ஒரு கிளர்ச்சிக்காரருக்கு இதைவிட வாய்ப்பான இடம் அமையாது. மேற்கே கொங்கு, வடக்கே மைசூர், கிழக்கே சிவகங்கை, மூன்றுக்கும் நடுவில் இருக்கிறது. விரட்டினால் மலை ஏறிவிடலாம்.

பாளையம் என்றால் என்ன என்பதை மாணவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 16ஆம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்ததாக வரலாறு. திண்டுக்கல் சீமையில் மட்டும் விருப்பாச்சி, கன்னிவாடி, ஆயக்குடி, இடையக்கோட்டை, எரியோடு, நிலக்கோட்டை, அம்மையநாயக்கனூர் என்று வரிசையாகப் பாளையங்கள் இருந்தன. பாளையக்காரர் மேலரசுக்குக் கப்பம் கட்ட வேண்டும், போர் வந்தால் ஆள் அனுப்ப வேண்டும், தன் எல்லைக்குள் காவல் பார்க்க வேண்டும். தலக்காவல், தேசக்காவல் என்று அதற்கு வரி உண்டு. களவு போன பொருளைக் காவல்காரர் மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும்.

இந்த அமைப்பில் எல்லாம் நல்லபடி நடந்தது என்று சொல்ல மாட்டேன். காவல் வரி என்ற பேரில் குடியானவன் களத்திலிருந்து அள்ளிக்கொண்டு போன பாளையக்காரர்களும் இருந்தார்கள். பக்கத்துப் பாளையத்து மாட்டை ஓட்டி வந்து சண்டை மூட்டியவர்களும் உண்டு. வீரவணக்கம் செலுத்துகிற வேகத்தில் இதை மறைப்பது சரியில்லை. அந்தப் பகையும் பூசலும் நிறைந்த ஊர்களிலிருந்துதான் கோபால நாயக்கர் ஆள் சேர்த்தார் என்று தெரிந்தால்தான் அவர் செய்த வேலையின் கனம் புரியும்.

இனி ஹைதர் அலிக்கு வருவோம். 1755இல் மைசூர் அரசு ஹைதரைத் திண்டுக்கல்லுக்குப் பவுஜ்தாராக, அதாவது படை அதிகாரியாக, அனுப்பியது. பின்னாளில் மைசூரையே ஆண்ட அந்த மனிதருக்கு முதல் பெரிய பதவி கிடைத்தது இந்த ஊரில்தான். பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு ஆயுதப் பட்டறை அமைத்து, முறையான பயிற்சி பெற்ற படையை அவர் உருவாக்கத் தொடங்கியதும் இங்கேதான். நம் பேகம்பூர், அவருடைய சகோதரி அமீருன்னிசா பேகத்தின் பேரால் வழங்கும் இடம். பேகம் அங்கேதான் அடங்கியிருக்கிறார். கோட்டை அதற்குப் பிறகு கை மாறிக்கொண்டே இருந்தது. 1767இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், மறு வருஷமே ஹைதர் மீட்டார். 1783இல் மறுபடியும் பிடித்தார்கள், 1784 உடன்படிக்கையில் திருப்பித் தந்தார்கள். 1790இல் மூன்றாம் முறையாகப் பிடித்தார்கள். 1792இல் ஹைதரின் மகன் திப்பு சுல்தானோடு செய்த உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமை முழுதும் கும்பினிக்குச் சொந்தமானது.

இந்த இழுபறிக்கு நடுவில்தான் சிவகங்கை ராணி வேலு நாச்சியார் வருகிறார். 1772 ஜூனில் காளையார்கோவிலில் கும்பினிப் படையும் ஆற்காட்டு நவாபின் படையும் சேர்ந்து சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரைக் கொன்றன. கைம்பெண்ணாகிய ராணி, பச்சிளம் மகளோடும் பிரதானி தாண்டவராய பிள்ளையோடும் மருது சகோதரர்களோடும் வந்து சேர்ந்தது விருப்பாச்சிக்கு. நவாபுக்கும் கும்பினிக்கும் பகையான ஒருவரைத் தன் எல்லைக்குள் வைத்துக் காப்பது அன்று உயிரைப் பணயம் வைப்பதற்குச் சமம். விருப்பாச்சி வைத்துக் காத்தது. அதே ஆண்டு டிசம்பரில் தாண்டவராய பிள்ளை ஹைதர் அலிக்குக் கடிதம் எழுதி, ஐயாயிரம் குதிரை வீரர்களையும் ஐயாயிரம் காலாட்களையும் கேட்டார். எட்டு ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு, 1780இல் நாச்சியார் சிவகங்கையை மீட்டார். அந்த எட்டு ஆண்டில் விருப்பாச்சியில் என்ன நடந்தது என்று யோசியுங்கள். தெலுங்கு பேசும் நாயக்கர் வீட்டில் சிவகங்கை மறவர் குலத்து ராணி தங்கியிருக்கிறார். அவருக்குப் படை தருவது மைசூரில் இருக்கும் முஸ்லிம் தலைவர். பின்னால் 1800இல் கூடிய கூட்டணிக்கு அஸ்திவாரம் அப்போதே விழுந்துவிட்டது என்று நான் கருதுகிறேன். மருது சகோதரர்களுக்கும் விருப்பாச்சிக்கும் இருந்த நம்பிக்கை ஒரே நாளில் வந்ததல்ல.

1799ஆம் ஆண்டு எல்லாவற்றையும் மாற்றியது. மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு இறந்தார். இனிமேல் தெற்கில் கும்பினிக்குச் சமமான அரசு எதுவும் இல்லை. அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். சும்மா தூக்கிலிடவில்லை. மற்ற பாளையக்காரர்களையெல்லாம் வரவழைத்து, அவர்கள் முன்னிலையில் விசாரணை நடத்தி, அவர்கள் பார்க்கும்படி தூக்கிலிட்டார்கள். நாளைக்கு உனக்கும் இதுதான் என்று சொல்லாமல் சொன்னார்கள்.

கயத்தாற்றைப் பற்றிக் கேள்விப்பட்ட பலர் அடங்கிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடும்பம், குடிகள், நிலம் என்று அவர்களுக்கும் பாரம் இருந்தது. கோபால நாயக்கர் அதே செய்தியிலிருந்து வேறு பாடத்தை எடுத்துக்கொண்டார். பாஞ்சாலங்குறிச்சி தனியாக நின்றது, அதனால் விழுந்தது. அப்படியானால் தனியாக நிற்கக் கூடாது.

திண்டுக்கல் சீமையில் அவர் சேர்த்த கூட்டணியில் மணப்பாறை லட்சுமி நாயக்கரும் தேவதானப்பட்டி பூஜை நாயக்கரும் முக்கியமானவர்கள். இந்தக் கூட்டணியிலிருந்து மேலும் கைகள் நீண்டன. சிவகங்கையில் மருது சகோதரர்கள். கொங்கு நாட்டில் தீரன் சின்னமலை. மலபாரில் பழசி ராஜா கேரள வர்மா. கன்னடச் சீமையில் தூந்தாஜி வாக். தூந்தாஜியின் கதையைத் தனியாகவே பேசலாம். திப்புவின் சிறையில் கிடந்தவர், ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது வெளியே வந்து, சிதறிப்போன மைசூர்க் குதிரைப்படை வீரர்களைத் திரட்டி, கும்பினியை ஒரு வருஷத்துக்கும் மேல் அலைக்கழித்தவர். இத்தனை பேரையும் ஒரு வலையாக இணைத்துப் பார்த்தவர் பேராசிரியர் கே. ராஜய்யன். தென்னிந்தியக் கிளர்ச்சியைப் பற்றி அவர் 1971இல் வெளியிட்ட நூல், 1800-1801 எழுச்சியை இந்தியாவின் முதல் விடுதலைப் போர் என்றே சொல்கிறது. 1857ஐ முதல் போர் என்று பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்த நம் தலைமுறைக்கு அந்த நூல் கண் திறப்பு.

கோயம்புத்தூரை ஏன் குறிவைத்தார்கள்? கோட்டையில் கும்பினியின் குதிரைப்படை இருந்தது. பிடித்தால் குதிரையும் ஆயுதமும் சேர்ந்து கிடைக்கும். மைசூருக்கும் தமிழ்ச் சீமைக்கும் மலபாருக்கும் வழிகள் கூடுகிற இடம் வேறு. அங்கே கும்பினி அசைந்தால் மூன்று பக்கமும் கிளர்ச்சிக்காரர்கள் கை கோத்துக்கொள்ளலாம். தேதியைத் தேர்ந்ததிலும் கணக்கு இருக்கிறது. 1800 ஜூன் 3 முகரம் பத்தாம் நாள். ஊர்வலமும் கூட்டமுமாக இருக்கும் நாளில் புதிய முகங்களை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். கோட்டைக்குள் இருந்த சிப்பாய்களில் சிலரும் உதவுவதாக ஏற்பாடு. வெளியே ஆள், உள்ளே ஆள், வடக்கிலிருந்து குதிரைப்படை. தொலைபேசியும் தந்தியும் இல்லாத காலத்தில், ஓலையும் ஓட்டக்காரனும் மட்டுமே இருந்த காலத்தில், மூன்று மொழி பேசுகிற ஆட்களை ஒரே நாளில் ஒரே இடத்தில் சேர்க்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள். அந்தத் திட்டத்தை யாராவது இன்று ஒரு ராணுவக் கல்லூரியில் வைத்தால் உட்கார்ந்து படிப்பார்கள்.

திட்டம் பலிக்கவில்லை. விஷயம் முன்னதாகவே கசிந்துவிட்டது. கும்பினி முந்திக்கொண்டது. சுற்றுவட்டாரத்தில் பிடிபட்டவர்களை ராணுவ விசாரணை நடத்திக் கொன்றார்கள். நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் முஸ்லிம்களும் இந்துக்களும் இருந்தார்கள். பெரும்பாலோரின் பேர் கூட இன்று யாருக்கும் தெரியாது. செப்டம்பர் 10ஆம் தேதி தூந்தாஜியும் போரில் விழுந்தார். அவரைத் துரத்தி வீழ்த்திய கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி பதினைந்து ஆண்டு கழித்து வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர். நம் ஆட்கள் யாரை எதிர்த்து நின்றார்கள் என்பதை இதிலிருந்து அளந்துகொள்ளுங்கள்.

கோவைத் தோல்விக்குப் பிறகு ஒதுங்கியிருந்தால் கோபால நாயக்கர் உயிரோடு இருந்திருக்கலாம். ஒதுங்கவில்லை. 1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, தரைமட்டமாகிக் கிடந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களில் மறுபடி எழுப்பினார். தெற்கு முழுவதும் தீ பற்றியது. கும்பினி இந்தத் தடவை திண்டுக்கல் பக்கம் லெப்டினன்ட் கர்னல் இன்னெஸ் தலைமையில் படை அனுப்பியது. சமவெளியில் அந்தப் படையை எதிர்க்க முடியாது என்பது கோபால நாயக்கருக்குத் தெரியும். காட்டையும் மலையையும் நம்பினார். விருப்பாச்சி விழுந்தது. அவர் மலைக்குள் போனார். தலைக்கு விலை வைத்தார்கள். அந்த ஆண்டே பிடிபட்டார். நம் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டார்கள்.

தூக்கிலிட்ட இடம் எது என்று கேட்டால், ஊர்ப் பெரியவர்கள் கோபாலசமுத்திரத்தைக் காட்டுவார்கள். குளத்துக்கு அந்தப் பேர் வந்ததே அவரால்தான் என்பது ஊர் வழக்கு. இன்று கரையில் 108 விநாயகர் கோவில் இருக்கிறது. சதுர்த்தி அன்று நிற்க இடம் இருக்காது. தினமும் அந்த வழியாகப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இந்தக் கூட்டத்திலேயே பலர் இருக்கிறீர்கள்.

விருப்பாச்சி விழுந்த பிறகும் கூட்டணி உடனே அணைந்துவிடவில்லை. 1801 ஜூன் 16ஆம் தேதி சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோவில் மதிலிலும் ஒட்டப்பட்டது. எல்லா வருணத்தாரையும் முசல்மான்களையும் சேர்த்தே அழைக்கிற அறிக்கை அது. அக்டோபர் முதல் தேதி காளையார்கோவில் விழுந்தது. அக்டோபர் 24ஆம் தேதி திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். தப்பிய ஊமைத்துரை எந்தப் பக்கம் ஓடி வந்தார் தெரியுமா? திண்டுக்கல் மலைப் பக்கம். தலைவன் இல்லாத பிறகும் அடைக்கலம் தேடி வர இந்தச் சீமை இருந்தது. வத்தலக்குண்டு பக்கம் பிடிபட்டு, நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கு மேடை ஏறினார். மறு ஆண்டு பிப்ரவரியில், தூத்துக்குடியிலிருந்து 73 பேரைக் கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். அவர்களில் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவன். மீசை கூட சரியாக முளைக்காத பையன்.

இனி நான் சொல்லப் போவதைக் கொஞ்சம் கவனித்துக் கேட்க வேண்டும். 1801 டிசம்பர் முதல் தேதி சென்னை கவர்னர் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையக்காரர்கள் இனிப் படை வைத்துக்கொள்ளக் கூடாது. ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. கோட்டைகள் இடிபட்டன. வேலும் ஈட்டியும் துப்பாக்கியும் பறிமுதலாயின. கும்பினிக்குப் பணிந்துபோன பாளையக்காரர்கள் ஜமீன்தார்கள் ஆனார்கள். பணியாதவர்களின் பாளையம் பறிபோனது. படை வீரனாகவும் காவல்காரனாகவும் வாழ்ந்த பல்லாயிரம் பேர் ஒரே நாளில் தொழிலற்றவர்கள் ஆனார்கள். தெற்கில் ஆயுதம் ஏந்தியிருந்த சமூகம் ஒன்று நிராயுதபாணியான நாள் அது. அந்தக் காவல்காரர்களின் பேரன்களும் கொள்ளுப்பேரன்களும் பின்னால் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் கைரேகை வைக்க வேண்டி வந்ததற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. காவல் உரிமையைப் பறித்தவர்களே அவர்களைக் களவுக்காரர் என்று எழுதி வைத்தார்கள்.

இதே போன்ற கதை இன்னொரு நாட்டிலும் நடந்தது. ஜப்பான். நீங்கள் சினிமாவில் பார்த்த சாமுராய்கள். 1588இலேயே ஹிதேயோஷி என்ற தலைவர் குடியானவர்களிடமிருந்த வாள்களையெல்லாம் பறித்துக்கொண்டார். வாள் சாமுராய்க்கு மட்டும் என்றானது. ஏறக்குறைய முந்நூறு ஆண்டு கழித்து, 1876இல், மெய்ஜி அரசு சாமுராயும் வாளோடு வெளியே நடக்கக் கூடாது என்று ஆணை போட்டது. அவர்களுக்குப் பரம்பரையாக வந்த மானியமும் அதே காலத்தில் நின்றது. மறு ஆண்டே சத்சுமா சீமையில் கிளர்ச்சி. தலைமை தாங்கியவர் சைகோ தகமோரி. அந்த மெய்ஜி அரசை 1868இல் ஆட்சியில் ஏற்றிய தளபதியே அவர்தான். எடோ நகரை அதிக ரத்தம் சிந்தாமல் பணிய வைத்தவர். தான் ஏற்றிவைத்த அரசை எதிர்த்து அவரே வாள் எடுத்தார். ஏழு மாதப் போர். அரசுப் பக்கம், கட்டாயப் படைசேர்ப்பில் வந்த குடியானவர் மகன்கள் துப்பாக்கியோடு நின்றார்கள். 1877 செப்டம்பர் 24ஆம் தேதி ககோஷிமாவின் ஷிரோயாமா குன்றில் சைகோ இறந்தார். ஹாலிவுட்டில் 2003இல் வந்த கடைசிச் சாமுராய் படத்துக்கு வித்து இந்தக் கதைதான்.

இரண்டு பேரையும் தராசின் இரண்டு தட்டில் வைக்க முடியாது. சைகோ எதிர்த்தது தன் நாட்டு அரசை. கோபால நாயக்கர் எதிர்த்தது கடல் கடந்து வந்த ஒரு வணிகக் கும்பினியை. சைகோ காக்க நினைத்தது தன் வகுப்பின் மானத்தை. அந்த வகுப்புக்கு வெளியே அவருக்குத் துணை அதிகம் இல்லை. கோபால நாயக்கரின் கூட்டணியில் சாதியும் மதமும் மொழியும் கலந்திருந்தன. என் கண்ணுக்கு நம் ஆள்தான் உயர்ந்து தெரிகிறார். ஊர்ப் பாசத்தால் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். யாருக்காக, யாரோடு சேர்ந்து சண்டை போட்டார் என்பதை வைத்துச் சொல்கிறேன்.

ஆனால் தோற்றவரை ஜப்பான் நடத்திய விதத்தைப் பாருங்கள். பன்னிரண்டே ஆண்டில், 1889இல், அரசு சைகோவின் குற்றத்தை நீக்கிப் பெருமையைத் திருப்பித் தந்தது. 1898இல் தோக்கியோவின் உயேனோ பூங்காவில் சிலை வைத்தது. தளபதி உடுப்பில் இல்லை. எளிய உடையில், பக்கத்தில் நாயோடு நிற்கிறார். அரசை எதிர்த்துச் செத்தவருக்கு அதே அரசின் தலைநகரில் இடம். அதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது.

நம்மிடம் என்ன ஆயிற்று? அந்நிய ஆட்சி நீடித்த வரைக்கும் சிலை வைக்க வழியில்லை. விடுதலைக்குப் பிறகு கட்டபொம்மனுக்கு 1959இல் சிவாஜி கணேசன் உயிர் கொடுத்தார். அந்த ஒரு படத்தால் பாஞ்சாலங்குறிச்சி ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்தது. மருது சகோதரர்களுக்குக் காளையார்கோவிலும் திருப்பத்தூரும் இருக்கின்றன. சின்னமலைக்குச் சங்ககிரி இருக்கிறது. கோபால நாயக்கருக்கு விருப்பாச்சியில் அரசு மணிமண்டபம் கட்டியிருக்கிறது. அதற்காக உழைத்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். இருந்தாலும் மாவட்டத்துக்கு வெளியே அவர் பேரைச் சொன்னால் பலர் யார் என்றுதான் கேட்கிறார்கள். கூட்டணி கட்டியவரின் விதி அது. கூட்டணியில் இருந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் தனிக் கதை இருக்கிறது, பாட்டு இருக்கிறது. எல்லாரையும் சேர்த்தவருக்குத் தனிக் கதை அமைவது கடினம். ஓலை எழுதுவதையும் சமரசம் பேசுவதையும் எந்தக் கூத்துக்காரர் மேடையில் ஆடிக் காட்டுவார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிலருக்கு மனக்கசப்பாக இருந்தாலும். இந்தத் தலைவர்களை நாம் சாதிவாரியாகப் பங்கு போட்டுக்கொண்டோம். இவர் உங்களவர், அவர் எங்களவர் என்று சுவரொட்டியிலும் குருபூஜையிலும் பிரித்துக்கொண்டோம். தன் குலத்துப் பெரியவரைக் கொண்டாடுவது தவறில்லை. நாயக்கர் குலத்து ராஜகம்பளத்தார் உறுமி முழங்கத் தேவராட்டம் ஆடும்போது அதன் அடவில் ஒரு படை வீரனின் காலடியைப் பார்க்கலாம். அது இந்த மண்ணின் சொத்து. அதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. ஆனால் கோபால நாயக்கர் மருது சகோதரர்களுக்காக உயிரைப் பணயம் வைத்தவர். வேலு நாச்சியாருக்கு விருப்பாச்சி சோறு போட்டது. ஹைதரின் குதிரைகள் நாச்சியாருக்காகப் பாய்ந்தன. கோவையில் செத்தவர்கள் எல்லாரும் ஒரே காரியத்துக்காகச் செத்தார்கள். அவர்கள் சேர்த்ததை நாம் பிரிக்கக் கூடாது. மணிமண்டபத்தில் கோபால நாயக்கர் படத்துக்குப் பக்கத்தில் மணப்பாறைக்காரர் பேரும், தேவதானப்பட்டிக்காரர் பேரும், தூந்தாஜி பேரும், கோவையில் பேர் தெரியாமல் இறந்தவர்களுக்காக ஒரு வரியும் எழுதி வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். பெரிய செலவு இல்லை. கல்வெட்டுக்காரருக்கு அரை நாள் வேலை.

கடைசியாக ஒரு கோரிக்கை. இந்தக் கதையைப் பெரும்பாலும் கோபால நாயக்கரைத் தூக்கிலிட்டவர்களின் காகிதத்தை வைத்துத்தான் எழுதியிருக்கிறோம். கும்பினியின் ராணுவக் கடிதங்கள், கலெக்டர்களின் குறிப்புகள், எல்லாம் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் லண்டனிலும் அடுக்கி இருக்கின்றன. அந்தக் காகிதங்களில் நம் ஆட்கள் கலகக்காரர்கள். நம் பக்கத்துக் காகிதம் எங்கே? இந்தச் சீமையின் பழைய வீடுகளில் இருக்கிறது. பரணில், பூஜை அறையில், தகரப் பெட்டியில். செப்பேடு, ஓலைச்சுவடி, காவல் வரிக் கணக்கு, மானியப் பத்திரம், கோவில் முதல் மரியாதை யாருக்கு என்று எழுதிய சீட்டு. விருப்பாச்சி, கன்னிவாடி, ஆயக்குடி, இடையக்கோட்டை, எரியோடு என்று பல ஊர்க்காரர்கள் இங்கே வந்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் அப்படி எதாவது இருந்தால் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். யாருக்கும் விற்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். நல்ல வெளிச்சத்தில், ஒவ்வொரு ஏடாக, இரண்டு பக்கமும் செல்போனில் படம் எடுத்து, பக்கத்துக் கல்லூரி வரலாற்றுத் துறையிலோ அருங்காட்சியகத்திலோ ஒரு பிரதி கொடுங்கள். ஓலையைத் துடைக்கிறேன் என்று ஈரத் துணி போடாதீர்கள், எழுத்து போய்விடும். மாணவர்கள் உங்கள் தாத்தா பாட்டியிடம் உட்கார்ந்து, விருப்பாச்சிப் படையைப் பற்றி எதாவது பாட்டோ கதையோ தெரியுமா என்று கேட்டு அப்படியே பதிவு செய்யுங்கள். சொல்கிறவர் பேர், ஊர், தேதி மூன்றையும் மறக்காமல் எழுதுங்கள். மேடைக்குக் கீழே இரண்டு பெஞ்சு போட்டிருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் நான் அங்கேதான் இருப்பேன். இப்போதே சொல்வதற்கு விஷயம் இருக்கிறவர்கள் வந்து சொல்லலாம்.